துணி துவைப்பதில் காசும் நேரமும் மிச்சமாக: அழுக்குக் கூடை முதல் இஸ்திரி வரை முழு வழிகாட்டி

வாஷிங் மெஷின் வந்தால் துணி வேலை குறையும் என்றுதான் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் பல வீடுகளில் மெஷின் வந்த பிறகு துவைக்கிற துணிதான் கூடியிருக்கிறது. ஒரு மணி நேரம் போட்ட சட்டை, ஒரே ஒரு தடவை துடைத்த துண்டு, கடைக்குப் போகக் கட்டிய புடவை எல்லாம் கூடைக்குள் போய்விடும், "மெஷின்தானே துவைக்குது" என்று. மெஷின் துவைக்கும், சரி. பிரிப்பது, காயப்போடுவது, எடுப்பது, மடிப்பது, தேய்ப்பது இதெல்லாம் யார் செய்வது? பெரும்பாலும் வீட்டில் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது. அதனால் நான் சொல்லப்போகும் வரிசை கூடையில் ஆரம்பிக்கிறது. எந்த பிராண்ட் பவுடர் வாங்கலாம் என்ற கேள்வியைவிட, கூடைக்குள் என்ன விழுகிறது, தண்ணீரைச் சூடு பண்ணுகிறோமா, பவுடர் எவ்வளவு போடுகிறோம், எப்படிக் காயப்போடுகிறோம் என்ற நான்கில்தான் பெரிய காசும் பெரிய நேரமும் இருக்கின்றன.

நாலு பேர் இருக்கும், போர் தண்ணீர் வரும், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ காயப்போடும் சென்னை மாதிரியான ஊர் வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: கூடைக்குள் போவதைக் குறையுங்கள்

உள்ளாடை, சாக்ஸ், பள்ளிச் சட்டை, வியர்வையில் நனைந்த எதுவும் ஒரு தடவை போட்டாலே துவைக்க வேண்டியதுதான், நம்ம ஊர் வெயிலுக்கு அதில் சமரசம் கிடையாது. ஆனால் ஜீன்ஸை நாலைந்து தடவை போடலாம். ஆபீஸ் பேண்ட்டை இரண்டு மூன்று தடவை. மாலையில் இரண்டு மணி நேரம் கட்டிய புடவையை நிழலில் காற்றாட விரித்துவிட்டு மடித்து வைத்தால் போதும். பட்டு என்றால் கண்டிப்பாக அப்படித்தான், அதை வீட்டில் துவைக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: வியர்வைத் துணியை அப்படியே சுருட்டிக் கூடைக்குள் திணிக்காதீர்கள். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்து கரும்புள்ளி விழும், விழுந்துவிட்டால் பருத்தியிலிருந்து அதைப் போக்குவது ரொம்பக் கஷ்டம். நல்ல சட்டை வீட்டுச் சட்டையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். கொடியில் போட்டுக் காய்ந்த பிறகு கூடைக்குப் போகட்டும். கூடையும் ஓட்டை உள்ள கூடையாக இருக்கட்டும், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் வேண்டாம்.

அப்புறம் துண்டு. இது பலர் யோசிக்காத இடம். ஒரு பெரிய டர்க்கி டவல் அரை கிலோ அளவுக்கு எடை இருக்கும். நாலு பேருக்கு நாலு டவல் என்றால் இரண்டு கிலோ. 7 கிலோ மெஷினில் கால் பங்குக்கும் மேல் டவலே அடைத்துக்கொள்ளும், நனைந்தால் கனக்கும், காயவும் அரை நாள் எடுக்கும், மழைக்காலத்தில் வாடை அடிக்க ஆரம்பிப்பதும் முதலில் அதுதான். அதே இடத்தில் ஈரோடு பக்கம் நெய்கிற ஈரிழைத் துண்டு இருந்தால் எடை பாதிக்கும் கீழே, வெயிலில் ஒரு மணி நேரத்தில் சருகாகக் காய்ந்துவிடும், நன்றாகத் துவட்டும், விலையும் குறைவு. வீட்டுத் துண்டை எல்லாம் ஈரிழைக்கு மாற்றுவது இந்த வழிகாட்டியிலேயே சுலபமான, உடனே பலன் தெரியும் மாற்றம் என்பேன்.

படி 2: பிரிப்பதற்கு மூன்று இடம் போதும்

துவைக்கும் நாளில் தரையில் கொட்டிப் பிரிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. வெள்ளையும் வெளிர் நிறமும் ஒரு கூடை, அடர் நிறம் ஒரு கூடை, கரித்துணியும் மிதியடியும் தனியாக ஒரு பழைய பக்கெட். கழற்றிப் போடுகிற ஆளே சரியான கூடையில் போடட்டும். பையைக் காலி செய்வது, சுருட்டிவிட்ட கையைப் பிரிப்பது, சாக்ஸை நேராக்குவது இதெல்லாம் போட்டவர் வேலை, துவைப்பவர் வேலை கிடையாது. ஆறு வயதுக் குழந்தைக்குக்கூட இது வரும். சாக்ஸுக்கு ஒரு வலைப் பை வாங்கி அதற்குள்ளேயே போடச் சொன்னால் ஒற்றை சாக்ஸைத் தேடும் வேலையும் போய்விடும்.

புதுத் துணி சாயம் போகுமா என்று தெரிய, உள் பக்க ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத்தான் அலச வேண்டும், சுங்குடிப் புடவை, அடர் சிவப்பு, கருநீலம் எல்லாம் இந்த ரகம். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி மற்ற துணியோடு சேர்த்துப் போட்டு நாசமாக்கிக்கொள்ள வேண்டாம். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும், ஏற்றி முடித்த துணியில் அது நிரந்தரமாக எதையும் பிடித்து வைக்காது.

படி 3: கறையை மெஷினுக்கு முன்பே கவனியுங்கள்

ஒரு சட்டையில் ஒரு சொட்டு சாம்பார் இருக்கிறது என்பதற்காக முழு லோடையும் இரண்டாம் தடவை ஓட்டுவதும், சூடு தண்ணீரில் இரண்டு மணி நேர புரோகிராம் வைப்பதும்தான் வீண் செலவு. இரண்டு நிமிடம் கையில் வேலை பார்த்தால் தீர்ந்துவிடும்.

சாம்பார், குழம்பு, மஞ்சள் கறையை முதலில் எடுத்துக்கொள்வோம், நம்ம வீட்டில் நித்தம் வருவது அதுதானே. சோப்பு வைத்ததும் மஞ்சள் திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகும். பார்த்துப் பதறி இன்னும் சோப்பு போட்டுத் தேய்ப்பார்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், சோப்பில் உள்ள காரத்தன்மை (அல்கலி) பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதும் இதனால்தான். அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு எண்ணெய்ப் பசையை மட்டும் எடுத்துவிட்டு, நன்றாக அலசி, கறை மேலே தெரிகிற மாதிரி நேர் வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. மாலைக்குள் வெளிறிவிடும், மிச்சம் இருந்தால் மறுநாளும் ஈரப்படுத்திப் போடுங்கள். வெள்ளைத் துணிக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சூடு தண்ணீர் பட்டால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கறைக்கு நனைப்பதற்கு முன்பே, காய்ந்த துணியில் நேரடியாகப் பாத்திர லிக்விட் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பேனா மைக்கு ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் உள்ள சானிடைசர், அடியில் ஒரு பழைய துணி வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். துருக் கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைக்கலாம், அதில் பிளீச் போட்டுவிடாதீர்கள், கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். வாழைக்கறை மட்டும் பட்டால் பட்டதுதான். வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கும்போது பழைய நைட்டியில் இருங்கள்.

காலருக்கு பிரஷ் போட்டு பரபரவென்று தேய்ப்பது சட்டையின் ஆயுளைக் குறைக்கும். காலரை நனைத்து நீல பார் சோப்பைத் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியோடு துணி வைத்துக் கசக்கினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம்: குளோரின் பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ பாத்ரூம் ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

படி 4: தண்ணீரும் பவுடரும்

குழாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா, குளிக்கிற சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறதா, உங்களுக்கு வருவது கடினத் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பவுடரின் ஒரு பகுதியை முதலிலேயே விழுங்கிவிடும், மீதிதான் அழுக்கைத் தொடும். அதனால்தான் போர் தண்ணீர் வீடுகளில் எவ்வளவு பவுடர் போட்டாலும் வெள்ளை வேட்டி பழுப்பாகிறது, துண்டு முரட்டுத்தனமாகிறது. இதற்குப் பவுடரை இரட்டிப்பாக்குவது வீண். வாஷிங் சோடா மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் (ஆப்ப சோடா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் முதலில் கரைத்துவிட்டு, பிறகு வழக்கமான அளவு பவுடரைப் போடுங்கள். பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் சரி. பட்டு, கம்பளிக்குக் கூடாது. கையால் துவைத்தால் கை வறண்டுபோகும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் தனித்தனியாக வரும் வீடு என்றால் மெட்ரோ தண்ணீரைத் துணிக்கு ஒதுக்குங்கள், தரை துடைக்கவும் பாத்ரூமுக்கும் போர் தண்ணீர் போதும்.

பவுடர் அதிகமாகிறதா என்று சோதிக்க ஒரு வழி. துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை எடுத்து ஒரு பக்கெட் சுத்தமான தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். நுரை வருகிறதா? போன வாரப் பவுடர் இன்னும் துணிக்குள்தான் இருக்கிறது. அது வியர்வையையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் துவைத்த துணி சீக்கிரம் வாடை அடிக்கிறது. அடுத்த ஒரு தடவை பவுடரே போடாமல் ஓட்டுங்கள், பிறகு வழக்கமான அளவிலிருந்து கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள். சுத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதுதான் உங்கள் அளவு. கையால் அள்ளிப் போடாமல் டப்பாவுக்குள் ஒரு ஸ்பூன் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு அளவு போடுவார்கள்.

பிரண்ட் லோடு மெஷினில் சாதாரண பக்கெட் பவுடரைப் போடுவது சிக்கனம் மாதிரி தெரியும், கிடையாது. நுரை அதிகமானால் பல மெஷின்கள் தாமாகவே கூடுதலாக அலசும், தண்ணீரும் நேரமும் போகும். குறைந்த நுரையுள்ள மேட்டிக் பவுடரையே குறைவாகப் போடுங்கள். சாஃப்ட்னர் துண்டுக்கு வேண்டாம், நூல் மேல் பூச்சு மாதிரி படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். தினசரித் துணிக்கும் தேவையில்லை, அந்தக் காசு மிச்சம்.

படி 5: மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய பட்டன்

பிரண்ட் லோடு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள். "காட்டன்" என்று திருப்பியதும் பல மெஷின்களில் 40 டிகிரியோ 60 டிகிரியோ தானாகவே வந்து நிற்கும். அதை அப்படியே ஸ்டார்ட் அடித்துவிட்டுப் போகிறோம். மோட்டார் சுற்றுவதற்கு ஆகும் கரண்டைவிட தண்ணீர் சூடாக்க ஆகும் கரண்ட் பல மடங்கு. கணக்கு எளிது: 28 டிகிரியில் இருக்கும் 15 முதல் 20 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட் வரை வேண்டும். மாதம் 25 தடவை ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட் பக்கம் இதற்கே போய்விடும். நம்ம மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் கடைசி யூனிட்டுகள்தான் விலை அதிகம். 500 யூனிட்டைத் தாண்டும் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த முப்பது ரொம்ப முக்கியம், தாண்டினால் கீழ்ப் படியில் இருக்கும் சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

சூடு வேண்டிய துணிக்கு ஓசியாக ஒரு வழியும் உண்டு. சித்திரை வைகாசியில் மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அந்த நேரத்தில் "கோல்ட்" வைத்து ஓட்டினாலே வெந்நீர் கழுவல் மாதிரிதான். எண்ணெய்ப் பிசுக்குத் துணியை அப்போது போடுங்கள்.

60 டிகிரிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. காய்ச்சல்காரர் படுத்த பெட்ஷீட், குழந்தையின் துணி நாப்கின், வாடை பிடித்த துண்டு, இதற்கெல்லாம் தாராளமாக வையுங்கள். கரித்துணிக்கு மெஷினே வேண்டாம், கொதிக்கிற தண்ணீரில் வாஷிங் சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கினால் பிசுக்கு விட்டுவிடும்.

எவ்வளவு துணி போடுவது? 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. பிரண்ட் லோடில் துணிக்கு மேல் ஒரு கை நுழையும் இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் திணித்தால் துணி புரளாது, அழுக்கு போகாது, மறுபடி ஓட்ட வேண்டிவரும். பாதி நிரம்பியதும் ஓட்டுவதும் நஷ்டம்தான், டாப் லோடில் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும், லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் அது நேரடிக் காசு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் முழு லோடு. அழுக்கு அதிகம் இல்லாத துணிக்கு குயிக் வாஷ் போதும், ஆனால் அதற்குப் பாதி அளவுதான் போட வேண்டும்.

செமி ஆட்டோமேடிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து வெளிர் நிறம், பிறகு அடர் நிறம், கடைசியில் மிதியடி. அலசிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்தால் பாத்ரூம் கழுவ ஆகும். நம்ம அம்மாக்கள் இதைத்தான் காலம் காலமாகச் செய்தார்கள், தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்கள். கையால் துவைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். பவுடர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போன அழுக்கு திரும்பத் துணியிலேயே படியும், சாயமும் கலக்கும்.

படி 6: காயப்போடும்போதே பாதி இஸ்திரி

மெஷின் நின்றதும் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் உள்ளேயே கசங்கிக் கிடந்த சட்டையைத் தேய்க்க இரண்டு மடங்கு நேரமாகும். சட்டையின் தோளைப் பிடித்து இரண்டு உதறு உதறி, காலரையும் பட்டன் பட்டியையும் விரலால் நீவி, ஹேங்கரில் மாட்டியே காயவிடுங்கள். காய்ந்ததும் அப்படியே பீரோவுக்குள் போகலாம், மடிக்கும் வேலையும் இல்லை. புடவையையும் வேட்டியையும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்துவிட்டு மடித்துப் போட்டால் பாதிச் சுருக்கம் அங்கேயே போய்விடும். அடர் நிறத் துணி உள்பக்கம் வெளியே, முடிந்தால் நிழலில். வெள்ளைக்கு நல்ல வெயில். சொட்டு நீலம் போடுவதாக இருந்தால் முதலில் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுத் துணியை முக்குங்கள், துணி மேல் நேராக விழுந்தால் திட்டுத் திட்டாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதையே வேறு. துணி வாடை அடிப்பது மெதுவாகக் காய்வதால்தான், ஈரம் நீடிக்க நீடிக்க பாக்டீரியா பெருகும். அதனால் கூடுதலாக ஒரு ஸ்பின் ஓட்டுங்கள், அதற்கு ஆகும் கரண்ட் மிகக் குறைவு. துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இரண்டை ஒன்றாக அடுக்காதீர்கள். ஃபேன் போட்டால் ஜன்னலையும் திறந்து வையுங்கள், ஈரக் காற்று வெளியே போனால்தான் பலன். சாதாரண சீலிங் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும், டிரையர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். வருடத்தில் இரண்டரை மாத மழைக்காக டிரையர் வாங்குவது, இடமும் வெயிலும் உள்ள வீட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. வெயிலே எட்டாத, பால்கனி இல்லாத பிளாட் என்றால் அது வேறு பேச்சு. பெட்ஷீட்டை மட்டும் மழை விடும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

படி 7: கஞ்சியும் இஸ்திரியும்

பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் கஞ்சி போடுபவர்கள் ஒன்றிரண்டாகப் போடாமல் சேர்த்துவைத்து ஒரே நாளில் போடுங்கள். குக்கரில் சோறு வைக்கும் வீட்டில் வடித்த கஞ்சி இருக்காது, இரண்டு கைப்பிடி ஜவ்வரிசியைக் காய்ச்சி வடிகட்டி நிறையத் தண்ணீரில் கலந்தால் ஐந்தாறு புடவைக்கு வரும். கஞ்சி போட்டதைப் பல மாதம் பீரோவில் வைக்க வேண்டாம், பூச்சி தேடி வரும்.

இஸ்திரி வண்டிக்குக் கொடுப்பவர்கள் ஒரு மாதம் எதை எதைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். யூனிஃபார்ம், ஆபீஸ் சட்டை, புடவை சரி. டி-சர்ட், பைஜாமா, தலையணை உறைக்கு எதற்கு? முக்கால் ஈரம் காய்ந்ததும் எடுத்து அழுத்தி மடித்தால் அதுவே போதும். வீட்டில் தேய்ப்பதானால் வாரத்துக்கு ஒருநாள், எல்லாத் துணியையும் சேர்த்து. தினமும் காலையில் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்கி ஆற விடுவது கரண்டுக்கும் கேடு, அவசரத்தில் கைக்கும் கேடு. பருத்தியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துவிட்டு, குறைந்த சூட்டில் பாலியெஸ்டரில் ஆரம்பித்து, சூடு ஏற ஏறப் பருத்திக்கு வாருங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் கைக்குட்டை நாலைந்து தேய்க்கலாம்.

படி 8: மெஷினைப் பார்த்துக்கொள்ளுங்கள்

தண்ணீர் நிரம்பவே அதிக நேரம் எடுக்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் குழாயை மூடி, பின்பக்க ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்ன வலை ஒன்று இருக்கும், போர் மணல் அதில்தான் அடைத்திருக்கும், பழைய டூத் பிரஷால் தேய்த்தால் சரியாகிவிடும். பிரண்ட் லோடின் கீழ் மூலையில் உள்ள ஃபில்டரை மாதம் ஒருமுறை திறந்து ஹேர்பின், காசு, நூல் எல்லாம் எடுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்துத் திறங்கள், தண்ணீர் கொட்டும். கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

கடினத் தண்ணீர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) காலி டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள், துணி, பவுடர், பிளீச் எதுவும் இல்லாமல். ஹீட்டரில் படிந்த உப்பு கரைந்து வரும். ஹீட்டர் இல்லாத டாப் லோடு என்றால் வெந்நீரை வெளியில் வைத்து ஊற்றலாம், ஆனால் எவ்வளவு சூடு தாங்கும் என்று மேனுவலில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். எலுமிச்சை உப்பு நாட்டு மருந்துக் கடையிலும் கேக் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும், கால் கிலோ வாங்கினால் இரண்டு தடவைக்கு வரும்.